ஒரு டிகிரியைப் பிடித்த கதை

1639-ஆம் ஆண்டு தில்லியில் இரண்டு பெரிய வேலைகள் நடந்தன. ஒன்று உங்களுக்குத் தெரிந்ததுதான். யமுனைக் கரையில் ஷாஜகானின் செங்கோட்டைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டி முடிக்க 1648 வரை ஆயிற்று. இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதே ஆண்டில், அதே ஊரில், நித்யானந்தர் என்ற வானியல் அறிஞர் 'சர்வசித்தாந்தராஜம்' என்ற சம்ஸ்கிருத நூலை எழுதினார். சூரியன், சந்திரன், கோள்கள் எப்போது எங்கே இருக்கும் என்று கணக்கிடச் சொல்லித்தரும் நூல் அது. அதில் ஓரிடத்தில் அவர் ஒரு முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கிறார். தீர்க்கும் விதம்தான் அழகு. முதலில் தோராயமாக ஒரு விடையை வைத்துக்கொள்கிறார். அந்த விடையை அந்தச் சமன்பாட்டுக்குள்ளேயே போட்டு, அதைவிட நல்ல விடையை எடுக்கிறார். அதையும் மறுபடி உள்ளே போடுகிறார். எண் அசையாமல் நிற்கும்வரை இப்படியே போகிறது.

இன்று உங்கள் பள்ளிக் கணினி அறையில் இருக்கும் விரிதாள் மென்பொருளும் இதே வேலையைச் செய்யும். எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க், எது இருந்தாலும் சரி. நித்யானந்தரின் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். அதற்கு முன் அந்தக் கணக்கு எதற்கு வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு சாய்தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது தரையோடு 30 டிகிரி சாய்ந்திருந்தால் அதன் மேல் முனை தரையிலிருந்து சரியாக 50 மீட்டர் உயரத்தில் இருக்கும். உயரத்தை நீளத்தால் வகுத்தால் 0.5. இதுதான் 30 டிகிரியின் சைன். அதே சாய்தளம் ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருந்தால்? மேல் முனை ஏறக்குறைய 1 மீட்டர் 74.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். 'ஏறக்குறைய' என்று சொல்லிவிட்டேன். வானியல் அறிஞர்களுக்கு அந்த ஏறக்குறைய போதாது.

ஏன் போதாது? வானத்தில் முழுநிலவின் அகலம் அரை டிகிரிதான். நிலவு ஒரு நாளில் சுமார் 13 டிகிரி நகர்கிறது. அதாவது தன் அகலத்தைக் கடக்க அதற்கு ஒரு மணி நேரம் போல ஆகும். கணக்கில் அரை டிகிரி பிசகினால் கிரகணம் ஒரு மணி நேரம் தள்ளிப்போய்விடும். கோள்களின் இருப்பிடத்தைக் கணக்கிட ஒவ்வொரு படியிலும் சைன் அட்டவணையைப் பார்க்க வேண்டும். அட்டவணையில் ஒரு டிகிரிக்கான எண்ணே கோணலாக இருந்தால், அதை வைத்துக் கட்டிய எல்லா எண்ணும் கோணல்தான்.

கி.பி. 499-இல் ஆரியபடர் தந்த அட்டவணையில் 24 சைன்கள் உண்டு. 90 டிகிரியை 24 பங்காக்கினால் ஒரு பங்கு 3.75 டிகிரி. அந்த இடைவெளியில் அவர் அட்டவணை போகிறது. 3.75 என்ற விநோதமான எண் எப்படி வந்தது? 30 டிகிரியின் சைன் தெரியும். ஒரு கோணத்தின் சைன் தெரிந்தால் அதில் பாதிக் கோணத்தின் சைனைக் கண்டுபிடிக்க வழியும் உண்டு. 30-ஐப் பாதியாக்கினால் 15, பிறகு 7.5, பிறகு 3.75. அவ்வளவுதான்.

ஒரு டிகிரிக்கு இப்படிப் போய்ச் சேர முடியுமா? அறுகோணத்திலிருந்து 30 டிகிரி கிடைக்கிறது. ஐங்கோணத்திலிருந்து 36 டிகிரி கிடைக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 6, அதில் பாதி 3. ஆகவே 3 டிகிரியின் சைனைத் துல்லியமாகப் பெறலாம். இன்னும் பாதியாக்கினால் 1.5, பிறகு 0.75. ஒன்று மட்டும் கையில் சிக்காமல் நழுவுகிறது! 3-ஐ இரண்டாகப் பிளந்தால் 1 வராது, மூன்றாகப் பிளக்க வேண்டும். கோணத்தைப் பாதியாக்குவது சுலபம். மூன்றாக்குவதோ பழைய கிரேக்கர் காலத்திலிருந்தே கணக்கர்களைத் திணறடித்த விஷயம். வெறும் அளவுகோலும் கவராயமும் கொண்டு எந்தக் கோணத்தையும் மூன்றாக்கிவிட ஒரு பொதுவழி கிடையாது என்று பியர் வான்ட்செல் என்ற பிரெஞ்சுக்காரர் 1837-இல் நிரூபித்தார். 1.5-க்கும் 0.75-க்கும் நடுவே 1-ஐ நெருக்கிப் பிடித்துத் தோராயமாக ஓர் எண் சொன்னார், இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வானியல் அறிஞர் தாலமி.

இந்த இடத்தில்தான் சமன்பாடு வருகிறது. ஒரு கோணத்தின் சைனுக்கும் அதன் மூன்று மடங்குக் கோணத்தின் சைனுக்கும் ஓர் உறவு உண்டு. தெரியாத சைனை 'க' என்று வைத்துக்கொள்வோம். க-வை 3-ஆல் பெருக்கி, அதிலிருந்து க-வின் முப்படியை 4-ஆல் பெருக்கிக் கழித்தால், மூன்று மடங்குக் கோணத்தின் சைன் வந்துவிடும். நான் சொல்கிறேன் என்பதற்காக நம்ப வேண்டாம், 30 டிகிரியில் சோதித்துப் பாருங்கள். க = 0.5. மூன்று மடங்கு 1.5. முப்படி 0.125, அதன் நான்கு மடங்கு 0.5. கழித்தால் 1. 30-இன் மூன்று மடங்கு 90, அதன் சைன் 1. சரியாக இருக்கிறதல்லவா?

அப்படியானால் ஒரு டிகிரிக்கு நம் சமன்பாடு இதுதான்:

3க − 4க³ = 0.0523359562429

வலப்பக்கம் இருப்பது 3 டிகிரியின் சைன். ஐங்கோணமும் அறுகோணமும் தந்த எண். க-தான் வேண்டும். இருபடிச் சமன்பாடாக இருந்தால் பத்தாம் வகுப்பில் படிக்கும் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடையை எடுத்துவிடலாம். முப்படி அப்படி விட்டுக்கொடுக்காது. முப்படிக்கும் ஒரு சூத்திரம் உண்டு. ஆனால் இந்தச் சமன்பாட்டில் அதைப் பிரயோகித்தால் எதிர்ம எண்ணின் வர்க்கமூலத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிடும்.

15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமர்கண்டில் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டவர் ஜம்ஷீத் அல்-காஷி. தைமூரின் பேரன் உலூக் பேக் அங்கே நடத்திய வானாய்வுக் கூடத்தில் இருந்தவர், 1429-இல் மறைந்தார். உலூக் பேக்கின் அட்டவணைகளை அடிப்படையாகக் கொண்டு தில்லியில் முல்லா ஃபரீத் என்ற அறிஞர் ஷாஜகானுக்காகப் பாரசீக மொழியில் ஒரு வானியல் நூல் தொகுத்தார். அமைச்சர் ஆசஃப் கான் அதைச் சம்ஸ்கிருதத்தில் தரும்படி கேட்க, அந்த வேலையை ஏற்றுச் செய்தவர் நம் நித்யானந்தர். அந்த மொழிபெயர்ப்பின் பெயர் 'சித்தாந்தசிந்து'. அதன் சுவடிகள் ஜெய்ப்பூர் அரண்மனை நூலகத்தில் இருக்கின்றன. சமர்கண்டின் கணக்கு அவர் கைக்கு இந்தப் பாதையில்தான் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை அவர் அப்படியே விட்டுவிடவில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தன் சொந்த நூலில், செய்யுளில், படிப்படியாக விளக்கி எழுதினார். மதமோ மொழியோ அந்தக் கணக்கு ஊர்விட்டு ஊர் வருவதைத் தடுக்கவில்லை. தில்லியின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்களில் இது ஒன்று.

இப்போது கணினி முன்னால் உட்காருங்கள். தில்லியில் இருப்பவர்களுக்கு ஜனவரிக் குளிர் விடுமுறை இதற்கு ரொம்பத் தோதான நேரம்.

முதலில் சமன்பாட்டைக் கொஞ்சம் திருப்பி எழுதுவோம். 4க³-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய், இரு பக்கமும் 3-ஆல் வகுத்தால்:

க = (0.0523359562429 + 4க³) ÷ 3

இதைப் பார்த்ததும் "க-வைக் கண்டுபிடிக்க க-வே தெரிந்திருக்க வேண்டுமா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஆனால் வலப்பக்கம் உள்ள இரண்டு பகுதிகளின் அளவைப் பாருங்கள். முதல் பகுதி 0.05-க்கு மேல். இரண்டாம் பகுதியில் இருப்பது க-வின் முப்படி. க-வே 0.017 போல ஒரு சின்ன எண். அதன் முப்படி பத்து லட்சத்தில் 5 பங்கு! க-வில் கொஞ்சம் தப்பு இருந்தாலும் அந்தத் தப்பு இந்தக் குட்டிப் பகுதியை மட்டும்தான் தொடும். ஆகவே வெளியே வரும் விடை, உள்ளே போனதைவிடப் பல மடங்கு சுத்தமாக இருக்கும்.

விரிதாளில் ஏ1 கட்டத்தில் 0.0523359562429 என்று அடியுங்கள். (ஏ, பி என்று நான் எழுதுவதை நீங்கள் ஆங்கில எழுத்தாக அடிக்க வேண்டும்.) பி1 கட்டத்தில் முதல் ஊகம்: =ஏ1/3. முப்படிப் பகுதியைச் சுத்தமாக மறந்துவிட்டால் வரும் விடை இது. பி2 கட்டத்தில்:

=($ஏ$1+4*பி1^3)/3

டாலர் குறிகள் ஏன்? இந்தச் சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது பி1 என்பது பி2, பி3 என்று மாறிக்கொண்டே போக வேண்டும். ஏ1 மட்டும் அசையக் கூடாது. டாலர் குறி அதை ஆணியடித்து வைக்கிறது. இனி பி2-இன் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தைப் பிடித்து பி5 வரை இழுங்கள். தசமத்துக்குப் பின் 12 இலக்கம் தெரியும்படி கட்டங்களை அமைத்தால் இப்படி வரும்:

0.017445318748
0.017452397806
0.017452406427
0.017452406437
0.017452406437

நான்காவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. எண் நின்றுவிட்டது. ஒவ்வொரு வரியிலும் பிழை ஏறக்குறைய 820-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதாவது வரிக்கு மூன்று இலக்கம் போலச் சரியாகிக்கொண்டே வருகிறது.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் இதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஆன்ட்டி, எக்செல்லிலேயே சைன் சூத்திரம் இருக்கே. ஒன்னுன்னு போட்டா விடை வந்துடும். எதுக்கு இவ்ளோ சுத்தணும்?"

வந்துவிடும்தான். (அந்தச் சூத்திரத்துக்கு டிகிரி புரியாது. கோணத்தை அளக்கும் இன்னோர் அலகான ரேடியனாக மாற்றிக் கொடுக்க வேண்டும்.) உங்கள் விடையைச் சரிபார்க்க அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அந்தச் சூத்திரத்தை யாரோ ஒருவர் உள்ளே எழுதி வைத்ததால்தான் அது வேலை செய்கிறது. நாளைக்கு உங்கள் முன்னால் வரும் சமன்பாட்டுக்கு அப்படி எழுதி வைத்த சூத்திரம் இருக்கும் என்று என்ன நிச்சயம்? கோள்களின் பாதை, கடன் வட்டி, தண்ணீர்த் தொட்டியின் அளவு என்று பல இடங்களில் சூத்திரத்துக்கு மசியாத சமன்பாடுகள் வரும். அங்கெல்லாம் கைகொடுப்பது 'விடையை உள்ளே போடு, நல்ல விடையை எடு' என்ற இந்த வழிதான்.

நித்யானந்தருக்கு இழுத்துவிட ஒரு மூலைச் சதுரம் இல்லை. மண் தூவிய பலகையில் எழுதி, கணக்கிட்டு, அழித்துவிட்டு மறுபடி எழுதுவது அந்தக் காலக் கணக்கர் வழக்கம். சமர்கண்டின் வானியல் கணக்குகள் தசம எண்ணில் போடப்பட்டவையும் அல்ல. வட்டத்தின் ஆரத்தை 60 என்று வைத்துக்கொண்டு, அறுபதில் பங்கு, அதில் அறுபதில் பங்கு என்று இறங்கிக்கொண்டே போவார்கள். உங்கள் விடையை 60-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1.0471443862. இதை அறுபது அறுபதாக உடைத்தால் 1, 2, 49, 43, 11 என்று வரும். அல்-காஷி கண்ட விடையும் இதே வரிசையில்தான் தொடங்குகிறது. அவர் அத்தோடு நிற்காமல் இன்னும் ஐந்து இடங்கள் இறங்கினார். அறுபது வாய்ப்பாட்டில் ஒரு முப்படியைக் கையால் போடுவது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். நமக்கோ அது ஒரு நொடி. 1979-இல் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 'விசிகால்க்' என்ற முதல் தனிக்கணினி விரிதாளை வெளியிட்டபோது வணிகக் கணக்குகளைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு கட்டத்தின் விடையை அடுத்த கட்டம் எடுத்துக்கொள்ளும் அந்த ஏற்பாடு, திரும்பத் திரும்பப் போடும் கணக்குக்கு அளவெடுத்துத் தைத்தது போல அமைந்துவிட்டது.

இத்தனை சொன்ன பிறகு எச்சரிக்கையும் செய்ய வேண்டும். சமன்பாட்டை எப்படித் திருப்பி எழுதுவது என்பதை மென்பொருள் சொல்லித்தராது. அதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். அதே சமன்பாட்டை இப்படியும் திருப்பலாம்: 3க-விலிருந்து 0.0523359562429-ஐக் கழித்து, 4-ஆல் வகுத்து, கனமூலம் எடுத்தால் க. இயற்கணிதத்தில் ஒரு தப்பும் இல்லை. சி1-இல் 0.0175 என்று போடுங்கள். நம் விடைக்கு எவ்வளவு பக்கம் பாருங்கள்! சி2-இல் =((3*சி1-$ஏ$1)/4)^(1/3) என்று எழுதிக் கீழே இழுங்கள். அடுத்த வரியில் 0.034. அதற்கடுத்து 0.23. பிறகு 0.55, 0.73, 0.81 என்று ஓடிப்போய்க் கடைசியில் 0.857-இல் நிற்கும்.

கணினி கெட்டுப்போகவில்லை. 0.857 என்பதும் இந்தச் சமன்பாட்டின் விடைதான். முப்படிச் சமன்பாட்டுக்கு மூன்று விடைகள் இருக்கலாம். 121 டிகிரியை மூன்றால் பெருக்கினால் 363. ஒரு முழுச் சுற்று போக மிச்சம் 3 டிகிரி. ஆகவே 121 டிகிரியின் சைனும் இதே சமன்பாட்டில் பொருந்துகிறது. மூன்றாவது விடை 241 டிகிரி தருவது, −0.8746. முதல் வழியில் திருப்பினால் பிழை சுருங்குகிறது, இரண்டாம் வழியில் அதே பிழை அதே அளவுக்குப் பெருத்து நம்மைத் தூக்கி வேறு விடையில் எறிகிறது. நித்யானந்தர் முதல் வழியில் போனதில்தான் அவர் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

முதல் வழியிலும் தொடக்க ஊகம் எக்கச்சக்கமாக இருந்தால் ஆபத்துதான். பி1-இல் 0.5 என்று போட்டால்கூட ஏழெட்டு வரியில் சரியான இடத்துக்கு வந்துவிடும். 1 என்று போட்டால் 1.35, 3.3, 48 என்று பாய்ந்து அடுத்த வரியிலேயே ஒன்றரை லட்சத்தை நெருங்கும். இன்னும் சில வரிகளில் எண்ணே காட்ட முடியாமல் மென்பொருள் கைவிரித்துவிடும்.

இன்னொன்று. ஒரே கட்டத்துக்குள்ளேயே சூத்திரம் தன்னைத் தானே கூப்பிடும்படி எழுதினால் 'சுற்றிச் சுற்றி வருகிறது' என்ற பொருளில் மென்பொருள் எச்சரிக்கும். அமைப்புகளில் போய் அதை அனுமதிக்கவும் முடியும். இயல்பாக அங்கே 100 சுற்று, 0.001 மாற்றம் என்று இருக்கும். மாற்றம் 0.001-ஐவிடக் குறைந்தால் போதும், நிறுத்திவிடு என்று பொருள். நாம் தேடும் எண்ணே 0.017! 0.001 என்பது அதற்கு மிகப் பெரிய சல்லடைக் கண். விடையைத் தானே தேடித்தர எக்செல்லில் உள்ள 'கோல் சீக்' வசதியும் இதே அளவைத்தான் பார்த்து நின்றுவிடும். ஆகவே வரி வரியாக இழுத்துப் போடுங்கள். பிழை எப்படிக் கரைகிறது என்பதும் கண்ணில் படும்.

கடைசியாக இரண்டு கணக்குகளை உங்களிடம் விட்டுப்போகிறேன். ஏ1-இல் 60 டிகிரியின் சைனைப் போடுங்கள்: 0.866025403784. இப்போது அதே பி நிரல் 20 டிகிரியின் சைனைத் தரும். நான்கு வரியில் நின்ற எண் இந்த முறை முப்பது வரிக்கு மேல் கேட்கும். அடுத்து ஏ1-இல் 1 என்று போடுங்கள். 90 டிகிரியின் சைன் அது, வர வேண்டிய விடை 30 டிகிரியின் சைன், அதாவது 0.5. நாம் சோதித்துப் பார்த்த அதே எண். ஆயிரம் வரி இழுத்தாலும் 0.4995-இல்தான் நிற்பீர்கள்! ஏன் என்று கண்டுபிடிக்க, க-வுக்கு 0 முதல் 1 வரை எண்களைக் கொடுத்து 3க − 4க³ என்பதற்கு ஒரு வரைபடம் போட்டு, 0.5-க்கு மேலே கோடு என்ன செய்கிறது என்று பாருங்கள். 30 டிகிரிக்கும் 150 டிகிரிக்கும் சைன் ஒன்றேதான் என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.